நீலப்பூப் போட்ட தட்டு

இங்கர் வந்து சேர்வதற்கு முன்பே அவளைப் பற்றி வைதேகிக்கு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. ஜெர்மனியில், ஹைடல்பெர்க்கில், வீட்டோடு தங்கிக் குழந்தை பார்க்கும் ஓ-பேர் பெண்களை வீடுகளுக்கு ஏற்பாடு செய்துகொடுத்த அம்மாள், காபி ஊற்றிக்கொண்டே புத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். டென்மார்க் பெண்கள் வேலைக்காரிகள் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், ஜெர்மன் கற்றுக்கொள்வார்கள், வீட்டுப் பெண்ணைப் போல இருப்பார்கள். வீட்டுக்காரியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைத் திமிர் என்று நினைக்கக் கூடாது. எல்லாரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வைதேகி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சென்னையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தவள் அவள். கணவன் உமாபதி பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்ய, இவள் சமையலும் துவையலுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். சந்திராவுக்கு ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் நிலைத்தால் ஆய்வகம். ஆள் போய்விட்டால் மறுபடி அடுப்படி.

இங்கர் 1969 பிப்ரவரியில் வந்தாள். டென்மார்க்கில் ஜட்லாந்துப் பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருந்த குடும்பம். கடுங்குளிரில் குழந்தையைப் போர்த்தி, தள்ளுவண்டியோடு பால்கனியில் தூங்கவைத்தாள். வைதேகி பதறிப்போனாள். சந்திராவுக்கு ஒரு தும்மல்கூட வராததைப் பார்த்துத்தான் பதற்றம் அடங்கியது. சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் இங்கர் சமைத்தவளுக்கு நன்றி சொன்னாள்.

"ரசத்துக்கெல்லாம் தேங்க்ஸா? நீங்க ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்று வைதேகி கணவனைச் சீண்டினாள்.

"சொன்னா அடுத்த நாளும் ரசமே வெப்ப," என்றான் உமாபதி.

மேஜை ஒன்றுதான். தட்டுதான் வேறு. பன்றிக்கறி தின்கிற வாய் என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டை அவளுக்குக் கொடுக்க வைதேகிக்கு மனம் வரவில்லை. நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டும் கோப்பையும் கடையில் வாங்கி வந்தாள். அவற்றைத் தனியாகக் கழுவி ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தாள். உமாபதி பார்த்தான்; ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரலில் இங்கருக்குப் பிறந்தநாள் வந்தது. அவர்கள் ஊரில் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கொடி நிற்க வேண்டுமாம். இங்கே அது யாருக்குத் தெரியும்? அவளே கேக் செய்து, சிவப்பும் வெள்ளையுமான காகிதக் கொடிகளைக் குத்திவைத்தாள். உமாபதியோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அம்பிகாவும் அன்று வந்திருந்தாள்.

இங்கர் மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டுகளில் கேக் வைத்தாள். பெரிய துண்டாக ஒன்றை எடுத்துத் தன் நீலப்பூத் தட்டில் வைத்து வைதேகி முன்னால் நகர்த்தினாள்.

"இந்த வீட்டில் அழகான தட்டு இது ஒன்றுதான். அதை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லாரும் தகரத்தில் சாப்பிடுகிறீர்கள். இன்றைக்கு இது வைதேகிக்கு," என்றாள்.

அம்பிகாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. "மாட்டிக்கிட்டியா?" என்று தமிழில் சிரித்தாள். "சாப்பிடும்மா. கேக்குல முட்டை, தட்டுல பன்னி. ஒரே வாயில ரெண்டு பாவமும் தீர்ந்துடும்."

"சும்மா இரு அம்பிகா."

வைதேகி கரண்டியை எடுத்தாள். சாப்பிட்டுவிடுவது என்றுதான் இருந்தாள். அதற்குள் மடியிலிருந்த சந்திரா தட்டில் கைவைத்து, கிரீமை வழித்து வாய்க்குக் கொண்டுபோனாள். வைதேகியின் கை தானாகப் பாய்ந்து அந்தப் பிஞ்சுக் கையைத் தட்டிவிட்டது. "ச்சீ, அது அவ தட்டுடி." சேலைத் தலைப்பால் விரல்களை அழுத்தித் துடைத்தாள்.

குழந்தை வீறிட்டு அழுது, வழக்கம்போல இங்கரிடம் கைகளை நீட்டியது. இங்கர் தூக்கவில்லை. அந்தத் தட்டைப் பார்த்தாள். மற்றவர்களின் தட்டுகளைப் பார்த்தாள். ஜன்னல் திட்டைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வைதேகி முன்னாலிருந்த தட்டை எடுத்து, அந்தத் துண்டை நின்றபடியே முழுவதும் தின்றாள். தட்டைக் கழுவினாள். திட்டில் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அம்பிகா சொல்லிக்கொள்ளாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"நானாவது சொல்லியிருக்கணும்," என்றான் உமாபதி.

"எப்போ?"

"நீ அத வாங்கிட்டு வந்த அன்னிக்கே."

"உங்க அம்மா இங்க இருந்தா நீங்களே வாங்கிட்டு வந்திருப்பீங்க."

அதற்குப் பிறகு, உமாபதி உயிரோடிருந்த காலம் முழுவதும், அவர்கள் அந்தத் தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

வைதேகி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கரின் அறை வாசலில் போய் நின்றாள். கட்டில்மேல் பெட்டி திறந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. இங்கர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்," என்றாள் இங்கர். "எனக்காகவே தனியாகத் தட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று. அம்மா அதை ஊரெல்லாம் சொல்லியிருப்பாள்."

மன்னிப்புக்கு ஜெர்மனில் வைதேகிக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தைதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் இங்கரே பேசினாள்.

"ஆகஸ்ட் வரை இருப்பதாக ஒப்புக்கொண்டேன். இருப்பேன், சந்திராவுக்காக. சாப்பாட்டை மட்டும் வெளியில் பார்த்துக்கொள்கிறேன்."

அப்பாடா, நாளைக்கு ஆய்வகத்துக்குப் போகலாம். வைதேகியின் மனதில் முதலில் எழுந்தது அதுதான். வருத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. எது முந்தி வந்தது என்பதை அவள் முகம் காட்டிவிட்டிருக்க வேண்டும். இங்கர் ஒரு கணம் அந்த முகத்தையே பார்த்துவிட்டு, எழுந்து வந்து, அவள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.