நிக்காஹ் வரைக்கும் அத்தர்

என் வீட்டுக்காரர் முஹம்மது யூசுப்புக்கு அத்தர் என்றாலே தலைவலி வரும். பெருநாளுக்குக்கூடப் பூச மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் மூன்று மாதமாகக் காலையும் மாலையும் அத்தர் பூசிக்கொண்டு திரிந்தால் ஒரு சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை. "நிக்காஹ் மகளுக்கா, ஒங்களுக்கா மச்சான்?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் அவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் இதயத்துக்குள் போயிருந்தன. பதினாலு வருடப் பழசு. கோடையில் பேட்டரியை மட்டும் மாற்றினார்கள். "அந்த எடம் செவந்தாலோ கசிஞ்சாலோ ஒடனே வந்துடணும்" என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. மனிதர் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மகள் ஷாசியாவுக்குப் பேசி முடித்த இம்தியாஸ் ஷார்ஜாவிலிருந்து இருபதே நாள் லீவில் வருகிறான். இவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நிக்காஹ் தள்ளிப்போகும் என்ற பயம். பஞ்சு வைத்துக் கட்டி, வாடை தெரியாமல் அத்தர் பூசி, புழுக்கம் என்று சொல்லித் தனியாகப் படுத்துக்கொண்டார். குறட்டைத் தொல்லை விட்டதென்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடலூர் மண்டபத்தில் நிக்காஹ் முடிந்தது. மகளைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் குளிர்காய்ச்சலில் நடுங்கி நாற்காலியில் சரிந்தார். சட்டையைக் கழற்றினால் கட்டு முழுக்கச் சீழ்.

"பாவி மனுஷா, எங்கிட்டகூடச் சொல்லலியா?"

"சொன்னா நீ நிக்காஹை நிறுத்திடுவ அஸ்மத்."

நிறுத்தியிருப்பேன். அது உண்மைதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் ஷாசியாவையும் உட்கார வைத்துச் சொன்னார். "கிருமி ஒயர் வழியா உள்ள வரைக்கும் போயிடுச்சும்மா. ஒயரை எடுக்காம எந்த மருந்தும் கேக்காது. பழைய ஒயரு, உள்ள ஒட்டிக் கெடக்கு. உருவுறப்ப இதயம் கிழிஞ்சா கஷ்டம். முன்னாடியே வந்திருந்தா அவரு ஒடம்புல தெம்பு இருந்திருக்கும்." ஷாசியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "கோவமா?" என்று கேட்டார்.

"வெளிய வாங்க, வெச்சுக்கறேன்" என்றேன்.

ஒரு ஒயர் வந்துவிட்டதாம். இரண்டாவதை உருவும்போது இதயத்தின் சுவர் கிழிந்துவிட்டது. நெஞ்சைத் திறந்து தைத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் கற்பூரத் தண்ணீரில் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றும் நேரத்தில் இம்தியாஸ் அத்தர் குப்பியோடு வந்தான்.

"அது வேணாம்பா" என்றேன்.

"பூசறது வழக்கந்தானே மாமி?"

"கொஞ்சம் இரு."

குனிந்து அந்த இடது தோளை முகர்ந்தேன். கற்பூர வாடையும் மருந்து வாடையும் அடித்தன. இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் இவ்வளவு கிட்டே போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

"இப்பப் பூசு" என்று நகர்ந்துகொண்டேன்.