தீவனத்தட்டுப் பக்கம் விழுந்த வலை

நார்சிசாவைக் கண்டதும் ஹசிந்தோவின் முகம் ஒரு கணம் கோணிப்போயிற்று. நான்கு வருடத்துக்கு முன், இதே இறால் குளத்தின் கரையில், கூலியாட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் "கணக்குத் தெரியாத கழுதை" என்று அவளை வேலையிலிருந்து துரத்தியவன் அவன். இப்போது அவள் இறால் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆளாக வந்து நிற்கிறாள்.

அன்று பத்து வலை வீசி, விழுந்ததை எடைபோட்டு, "ஒரு இறால் சராசரி பதினெட்டு கிராம் முதலாளி. ஆனா பத்தே வலைதான். பதினஞ்சுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்" என்றுதான் அவள் சொன்னாள். அந்த மகானுபாவன் வாங்க வந்தவர்களிடம் இருபத்தொன்று என்று அடித்துவிட்டான். குளத்தை வடித்தால் பதினாறு. அவள் சொன்ன எல்லைக்குள்தான். ஆனாலும் பழி அவள் தலையில் விழுந்தது. வளைகுடா முழுக்க எந்தப் பண்ணையும் அவளை வாசற்படி ஏறவிடவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. அவள் அணைய விடவும் இல்லை.

குளத்தை வடிக்கும் முன், சராசரி எடையின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் பண்ணைக்காரன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. எல்லை குறுகலாக இருந்தால் நல்ல விலை. வடித்தபின் சராசரி கீழ் எல்லைக்கும் கீழே போனால் கம்பெனி சொன்னதே விலை.

வலைக்காரன் செகுந்தோ படகில் ஏறினான்.

"தீவனத்தட்டுப் பக்கமாவே வீசுடா!" என்று கத்தினான் ஹசிந்தோ.

பெரிய இறால்கள் சின்னதை விரட்டிவிட்டு மொய்ப்பது அங்கேதான். சின்னதெல்லாம் மூலைகளில் ஒண்டிக் கிடக்கும்.

"மூலையிலயும் நாலு வலை விழணும் முதலாளி" என்றாள் நார்சிசா.

"அம்மாடி, கணக்குப் போடுறதுதான் உன் வேலை. வலை எங்க விழணும்னு எனக்குச் சொல்லித்தராதே."

"சரிங்க முதலாளி." அதைச் சொல்லும்போது நார்சிசாவின் நாக்கு இனித்தது. அவள் மறுபடி சொல்லவில்லை.

பத்து வலையிலும் ஏறக்குறைய ஒரே எடை. விழுந்தவை ஒன்றுபோல இருந்தால் எல்லை சுருங்கும். வலை விழாத இடத்தைப் பற்றி அந்தக் கணக்குக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"இந்த வலைங்களை வச்சுப் பாத்தா, இருபதுல இருந்து இருபத்திரண்டு" என்றாள்.

"பாத்தியா! அன்னைக்குப் பதினஞ்சு, இருபத்தொண்ணுன்னு இழுத்தியே, பயந்தாங்கொள்ளிக் கணக்கு!" ஹசிந்தோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் விடியலில் குளத்தை வடித்தார்கள். முதலில் பெரியது வந்தது. அப்புறம் சுண்டுவிரல் இறால்களாகக் கொட்டத் தொடங்கியது. மொத்தத்தையும் நிறுத்துப் பார்த்தால் சராசரி பதினேழு. ஐஸ்பெட்டிகள் நடுவே ஹசிந்தோ வெளிறிப்போய் நின்றான். பிடித்த இறாலைத் திரும்பக் குளத்தில் விட முடியாதே.

"தெரிஞ்சேதானே வாயை மூடிக்கிட்டிருந்தே, பாதகத்தி!"

"மூடலையே. செகுந்தோ, மூலையிலயும் வீசணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா" என்றான் செகுந்தோ, சிரிப்பை அடக்க முடியாமல்.

வேலையாட்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அன்றும் இருந்தவர்கள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க முதலாளி. கணக்கு தப்பா, வலை விழுந்த இடம் தப்பா?"

ஹசிந்தோ தரையைப் பார்த்தான். "இடந்தான்..."

"சத்தமா முதலாளி. அன்னைக்கு என்னைத் திட்டினது அக்கரை வரைக்கும் கேட்டுச்சே."