குமிழி மறைந்த சூடு

கொழுந்தன் என் ஆய்வுக்கூட மேசையில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தான். அதன் ஓரத்தில் தங்கம் மினுங்கியது.

“கெணறு தோண்டுறப்ப கெடைச்சது அண்ணி. நம்ம நிலத்துல தங்கம் இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க, நல்ல விலைக்கு வித்துடலாம்.”

எனக்கு அப்போதே இடித்தது. கிணற்றிலிருந்து வந்த கல்லில் மருந்துக்குக்கூட மண் இல்லை.

கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். இந்த மாதிரி வெள்ளைக் குவார்ட்ஸ் கல் உருவாகும்போது பூமிக்கடியில் ஓடிய வெந்நீர் அதற்குள் துளித்துளியாகச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துளியிலும் ஒரு குமிழி இருக்கும். கல்லைச் சூடேற்றும்போது எந்தச் சூட்டில் குமிழி மறைகிறதோ, அதை வைத்து அந்த வெந்நீரின் ஜாதகத்தையே எழுதிவிடலாம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு டிகிரியில் மறைந்தது. துளியை உறையவைத்து உப்பின் அளவையும் பார்த்தேன். இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். இதே எண்களைத் தரும் ஒரு மலைச் சுரங்கத்துக் கற்களோடு, ஆராய்ச்சிக்காக மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். எழுந்துபோய், அந்தக் கற்களை வைத்திருக்கும் என் அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

மறுநாள் கொழுந்தன் வந்தான்.

“கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுதா அண்ணி?”

“தெரிஞ்சுது. போன வாரம் நீ இங்க டீ குடிக்க வந்தப்ப, அது என் அலமாரியில மூணாவது தட்டுல இருந்துச்சு. கெணறு எத்தனை அடி தோண்டுன?”