கீழ்க்குரலின் புள்ளி

வியாழக்கிழமை எங்கள் பாடகர் குழுவின் ஒத்திகைக்கு ரோஸ்விதா பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

முந்நூறு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் தேவாலயத்தில் இசை நடத்திய டிரெப்ஸின் பாட்டைப் பரணில் கண்டெடுத்தவர் அவர்தான். ‘வா, தாமதிக்காதே’ என்று ஒரே வரி. கீழ்க்குரல் அரைத் தட்டு பின்தங்கி, மற்றக் குரல்களோடு உரசிக்கொண்டே வரும். சாவை அழைக்கும் பாட்டு என்று அதைப் பற்றி நானூறு பக்கம் எழுதித்தான் ரோஸ்விதா பேராசிரியரானார். நாங்கள் அதை அடக்க ஆராதனைகளில் பாடிவந்தோம். ஞாயிறன்று அவருடைய ஓய்வு விழா. லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கும் இதே பாட்டு.

“வைமார் ஆவணக் காப்பகத்துல டிரெப்ஸோட பாட்டுத் தாளைச் சுத்தம் பண்ணாங்க,” என்றார். “கீழ்க்குரலோட முதல் ஸ்வரத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கும் இல்லையா? ஸ்வரத்தை நீட்டுற புள்ளி. பிரஷ் பட்டதும் உதிர்ந்து வந்துடுச்சாம்.”

“வந்துடுச்சுன்னா?”

“அது மை இல்ல. ஈயோட எச்சம்.”

கீழ்க்குரல் பாடும் என் கணவர் ஃபோல்க்மார் கனைத்தார். “அப்போ இருபது வருஷமா நான் பாடினது?”

“அதேதான்.”

“என் மாமனாரை இதைப் பாடித்தானே அடக்கம் பண்ணோம்.”

“நீ எதைப் பாடினாலும் எங்கப்பாவுக்குப் பிடிக்காது,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்விதா சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை பழையபடியே பாடிடலாம்னு வர்ற வழியெல்லாம் நினைச்சேன். யாருக்கும் தெரியாது. புத்தகமும் அப்படியே இருக்கும்.” கையுறையை மடித்தார். “ஆனா புள்ளி இல்லாம ஒரு தடவை கேக்கணும்.”

பாடினோம். கீழ்க்குரல் காத்திருக்கவில்லை. உரசல் போயிருந்தது. மூன்றாவது முறை ‘வா’ வருவதற்குள் ஃபோல்க்மாரின் பூட்ஸ் தரையைத் தட்டத் தொடங்கியது. நான் மிதித்தும் நிற்கவில்லை. பாட்டில் சாவு எங்கேயும் இல்லை. கல்யாணப் பெண் ஒருத்தி மாப்பிள்ளையை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“தாமதிக்காதேன்னு தெளிவாத்தான் எழுதியிருக்கார்,” என்றார் ஃபோல்க்மார். “ஈதான் கேக்கல.”

ரோஸ்விதா மேசையில் கவிழ்ந்தார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழிய, சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்.

கோட்டைக் கழற்றினார். ஞாயிறு உரையை எடுத்து, ‘சாவை அழைத்தல்’ என்ற தலைப்பை அடித்துவிட்டு மேலே ஒரே சொல் எழுதினார்: ‘ஈ’.

“இன்னொரு தடவை,” என்றார். “இன்னும் வேகமா.”