சுவர் காயும்வரை

"ஏம்மா ஹெர்டிஸ், கீழே யாருக்கு ரூம் ரெடியாகுது?"

அந்தக் கோடையின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு யோருன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. ஹெர்டிஸ் அப்போது நிலவறைச் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய பலகைகளைச் சுமந்து வந்து முற்றத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பலகைகளின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

"யாராவது விருந்தாளி வந்தா தங்கட்டுமேன்னுதான்."

"உங்க வீட்டுக்கா? பக்கத்து வீட்டுக்காரி நானே கூப்பிட்டாத்தான் காபிக்கு வர்றேன்." யோருனின் பார்வை வீட்டைச் சுற்றி வெட்டியிருந்த பள்ளத்துக்குப் போயிற்று. அதற்குள் ஓட்வாரின் தொப்பி மட்டும் தெரிந்தது. "அகழியெல்லாம் பலமா இருக்கே. முதலை எப்ப விடப்போறாரு உன் வீட்டுக்காரரு?"

"சொல்லியிருக்கேன் யோருன், அடுத்த வாரம் வருது," என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "பழகுறவரைக்கும் நீ வேலிப்பக்கம் வராதே. அதிகமா பேசுறவங்களை அதுக்குப் பிடிக்காதாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கீழே தயாராகிற அறை ஓட்வாருக்குத்தான் என்பதை ஹெர்டிஸ் அந்தச் சிரிப்போடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவன் அதைச் சொல்லியிருந்தான். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வெந்த உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கீழே போயிடலாம்னு பாக்கறேன், ஹெர்டிஸ்."

"போ. வரும்போது ரெண்டு விறகு எடுத்துட்டு வா."

அவன் எழுந்திருக்கவில்லை. உரித்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். மகள் வடக்கே வேலைக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஓட்வாருக்குக் கார்களை ஏற்றிக் கடலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வருகிற கப்பலில் வேலை. ஒரு வாரம் கப்பலில், ஒரு வாரம் வீட்டில். கப்பலின் சின்ன அறையில் வருகிற தூக்கம் தனக்கு வீட்டில் வருவதில்லை என்று அன்று சொன்னான். வேறு எந்தப் பெண்ணோடும் அவனுக்குத் தொடர்பு இல்லை. வீட்டை விற்கவும் வேண்டாம், ஊருக்குச் சொல்லவும் வேண்டாம். சாப்பாடு மேலே, படுக்கை கீழே. தனக்கென்று ஒரு கதவு இருந்தால் போதும் என்றான்.

"உன் மேல கோபமெல்லாம் இல்ல."

"இருந்தா நல்லா இருக்கும்," என்றாள் ஹெர்டிஸ்.

ஆனால் நிலவறையில் அப்போது எலிகூடத் தங்காது. ஓட்வாரின் அப்பா அந்த மரவீட்டை வாங்கிய காலத்திலேயே கீழ்க் கற்சுவர்களில் ஓதம் ஏறியிருந்தது. பெர்கன் ஊரில் ஓயாமல் பெய்கிற மழை மலைச்சரிவில் இறங்கி, வீட்டில் முட்டி, கல்லுக்குள் புகுந்து உள்ளே உப்பாகப் பூத்து நிற்கும். யாரோ ஒரு காலத்தில் உள்பக்கம் பலகை அடித்து அதை மறைத்து வைத்திருந்தார்கள்.

ஓட்வார் மறைக்கிற ஆள் இல்லை. முதலில் வெளியே சுற்றிலும் தோண்டி, சுவரின் அடியில் துளைபோட்ட குழாய் பதித்து, ஜல்லி கொட்டி, சுவரின் வெளிப்பக்கம் கெட்டித் தெர்மாகோல் பலகைகளை நிறுத்தி, அதன்மேல் தண்ணீர் புகாத, முண்டுமுண்டான கறுப்பு விரிப்பைச் சாத்தி, மண் போட்டு மூட வேண்டும். பிறகு உள்சுவரை வெறுமையாக விட்டு உலர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்தபிறகுதான் உள்ளே சட்டம் கட்டிப் பஞ்சு வைத்துப் பலகை அடிக்கலாம். ஈரத்தின்மேல் அடைத்தால் உள்ளுக்குள்ளேயே அழுகும்.

அவள் கேட்காமலே வேலைக்கு இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவன் வீட்டிலிருக்கும் வாரங்களில் ரப்பர் பூட்சைப் போட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நின்று ஜல்லி வாளியை இறக்கினாள்.

"கல்லைத் தூக்கிப் போடாதே, கையில குடு. என் காலு இரும்பு இல்ல."

"இரும்பா இருந்தா இந்த ஊர்ல எப்பவோ துருப்பிடிச்சிருக்கும்."

இப்படியெல்லாம் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேலை நடுவே பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து வாஃபிள் அப்பத்தில் பழுப்புச் சீஸை வைத்துத் தின்றார்கள். ஒருமுறை அவள் நெற்றியில் தெறித்த சேற்றை அவன் தன் சட்டைக்கையால் துடைத்துவிட்டான். துடைத்த கையை எடுக்கும்போது கொஞ்சம் தாமதித்ததாக அவளுக்குத் தோன்றியது.

"இன்னும் கீழதான் போகணுமா, ஓட்வார்?"

"ஆமா," என்றான் அவன். குரலில் இரக்கம் இருந்தது. கடுமையாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பள்ளத்தை மூடியதும் உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். அது இரவும் பகலும் இரைந்து காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்து அடித்தொட்டியில் சேர்க்கும். தொட்டி நிறைந்தால் தானே நின்றுவிடும். கப்பலுக்குப் போகிற வாரங்களில் தினமும் தொட்டியைக் கொட்டுவது அவள் பொறுப்பு.

முதல்முறை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. இரைச்சலில் தலைவலித்தது என்று ஒரு மாலை நிறுத்தினாள், பிறகு மறந்துபோனாள். ஓட்வார் திரும்பி வந்து ஈரம் காட்டும் ஊசி வைத்த அளவியைச் சுவரில் குத்திப் பார்த்தான்.

"காயவே இல்லையே," என்றான். "சரி, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

பையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து எப்போதும்போல அவள் பக்கத்தில் படுத்தான். இருட்டில் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு அவள் நெடுநேரம் விழித்திருந்தாள். சுவரில் ஈரம் இருக்கிறவரை இவன் இங்கேதான் படுப்பான் என்ற எண்ணம் வந்தது. வந்தபிறகு போகவில்லை.

அதன்பின் அவன் கப்பலேறியதும் கீழே இறங்கி இயந்திரத்தை நிறுத்துவது வழக்கமாயிற்று. வெளியே வெதுவெதுப்பாக மழை பெய்கிற நாட்களில் நிலவறை ஜன்னலைத் திறந்து வைத்தாள். அந்தக் காற்று உள்ளே வந்து குளிர்ந்த கல்லில் பட்டு வியர்வையாக முத்துக்கட்டியது. அவன் வருகிற நாள் காலையில் ஜன்னலைச் சாத்தி, தொட்டியைக் குழாயில் பிடித்து முக்கால்வாசி நிரப்பி, இயந்திரத்தை ஓடவிட்டாள். குழாயடியில் நிற்கும்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அது மறந்துவிடும்.

"தினமும் கொட்டுனியா?"

"கொட்டுனேன். முழுசா நிறையுது."

"இவ்வளவு எடுத்தும் காயலைன்னா என்ன அர்த்தம்?" என்று ஓட்வார் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவனுக்கு என்ன அர்த்தமாகப் பட்டது என்பது செப்டம்பர் முடிகிற நேரத்தில்தான் தெரிந்தது. கப்பலிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கொட்டுகிற மழையில் வீட்டின் மேற்கு மூலையில் மறுபடியும் தோண்ட ஆரம்பித்தான். கோடையில் நிதானமாக வெட்டிய பள்ளம் இப்போது வெட்ட வெட்டச் சரிந்து சேறாகிக்கொண்டிருந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்து கையால் வழித்தான். ஹெர்டிஸ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"மழை நிக்கட்டுமே, ஓட்வார்."

"இந்த ஊர்ல மழை நிக்கட்டும்னு இருந்தா ஒருத்தனும் வீடு கட்டியிருக்க மாட்டான்."

"யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமே."

"காட்டி? தப்பு நான் பண்ணது. எங்கேயோ விரிப்பைக் கிழிச்சிருக்கேன். இல்லாட்டி குழாய்க்குச் சாய்வு சரியா விடல." அவன் நிமிர்ந்தான். முகத்தில் வழிந்த நீரைத் துடைக்கவில்லை. "எனக்கு என்னமோ ஆகிப்போச்சு ஹெர்டிஸ். போன வாரம் கப்பல்லகூட ஒரு கயித்தைத் தப்பாக் கட்டிட்டேன். சின்னப் பையனுங்க பாத்துட்டுப் பேசாம மாத்திக் கட்டுனாங்க. முன்னெல்லாம் நான் இப்படி இல்ல."

  அவன் தன்னைவிட்டுப் போவதை ஏதோ ஒரு வகையில் தாங்கிக்கொள்ளலாம் என்று அந்த நிமிடம் அவளுக்குப் பட்டது. இப்படி அவன் தன்மேலேயே நம்பிக்கையிழந்து சேற்றில் உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியவில்லை.

"குழியை மூடு," என்றாள். "விரிப்பு கிழியல. எதுவும் தப்பாகல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மெஷினை நான்தான் நிறுத்தி வெச்சேன். நீ போன வாரமெல்லாம். ஜன்னலைத் திறந்துவிட்டேன். தொட்டியில இருந்தது குழாய்த்தண்ணி."

மழை அவர்கள் இருவரின் மழைக்கோட்டின்மேலும் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"எப்ப இருந்து?"

"ஜூலையில இருந்து. சுவர் காஞ்சா நீ போயிடுவ."

ஓட்வார் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான்.  பிறகு மண்வெட்டியை எடுத்துப் பள்ளத்தை மூட ஆரம்பித்தான். அவசரமில்லாமல், கொஞ்சம் மண் போட்டு மிதித்து, மேலும் கொஞ்சம் போட்டு மிதித்து, யாரும் கால் தவறி விழாதபடி மேலே சமமாக்கினான். அவள் உதவிக்கு எடுத்த வாளியை வாங்கி ஓரமாக வைத்தான்.

ஹெர்டிஸ் உள்ளே போய் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். மீன் கேக்குகளை வெண்ணெயில் போட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. படுக்கையறை அலமாரி திறந்து மூடியது. அவன் இறங்கி வந்தபோது தோளில் கப்பலுக்குக் கொண்டுபோகிற பை இருந்தது. அது எப்போதையும்விடப் பெரிதாக உப்பியிருந்தது.

"உனக்கு அடுத்த வாரந்தானே டூட்டி," என்றாள்.

அவன் வாசலில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினான்.

"கீழயே இரு, ஓட்வார். நான் இனிமே அந்த மெஷின்கிட்டகூடப் போகமாட்டேன். சாவியை நீயே வெச்சுக்கோ. மேல வரவே வேண்டாம், சாப்பாட்டுக்குக்கூட. கீழ நடமாடுற சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

ஒரு கயிற்றைக் கட்டி முடித்தான். சரியில்லை என்று தோன்றியதுபோல அவிழ்த்து மறுபடி கட்டினான். எழுந்தபோது அவள் கதவுப் பிடியின்மேல் கை வைத்து நின்றாள். அவன் அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்து, நோகாமல், அவள் பக்கமாகவே விட்டான்.

கதவு திறந்தது. ஈரக்காற்று உள்ளே வந்தது. குடையில்லாமல் படியிறங்கி, புதிதாக மூடிய மண்ணை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, சரிவுப் பாதையில் பஸ் நிற்கிற இடத்தை நோக்கி ஓட்வார் நடந்தான்.