சுவரை ஒட்டிய முதல் கட்டம்

தரையை உடைக்க இன்னும் நான்கு மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது.

கீழச்சிவல்பட்டியில் மெய்யநாதன் அண்ணன் தன் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார். முகப்பிலிருந்து பின்கட்டுக்குக் குளிர்காற்று போக வேண்டும். கூடத்துக்கு அடியில் மழைநீர் ஓடக் கட்டிய பழைய சதுரக் கால்வாய் இருக்கிறது, இருபது மீட்டர். அதிலேயே காற்றை அனுப்பிவிட்டால் கூடத்துத் தரையைத் தொட வேண்டியதில்லை. வாங்கி வைத்த மின்விசிறி அறுபது பாஸ்கல் அழுத்த இழப்பு வரை தாங்கும். என் கணக்கில் தொண்ணூற்றெட்டு வந்தது. அதனால்தான் மூன்று மணிக்கு ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்த்துத் தகரக் குழாய் பதிக்கப்போகிறார்கள்.

"கால்வாய்ச் சுவர் எவ்வளவு சொரசொரப்பு, பாண்டீஸ்வரி?" என்று என் மேலதிகாரி வெங்கட்ராமன் சார் போன வாரம் கேட்டிருந்தார்.

"மூணு மில்லிமீட்டர் சார்" என்றேன். குறித்துக்கொண்டார்.

மனம் கேட்கவில்லை. இன்று காலை காரைக்குடி அலுவலகத்தில், காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் வேறு மாடலில் அதே கணக்கை ஓட்ட உட்கார்ந்தேன். முன்பு போட்டது கே-எப்சிலான். சுவரருகே நடப்பதை ஒரு சூத்திரத்தால் தாண்டிப் போய்விடும். கே-ஒமேகா எஸ்எஸ்டி சுவர் வரைக்கும் போய்ப் பார்க்கும். கால்வாய்க்குள் இருக்கும் வெளியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டித்தான் கணினி கணக்குப் போடும்; இந்த மாடலுக்குச் சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் உயரம் 0.04 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தலைமுடியை விட மெல்லியது.

அதைத் தட்டியதும் கை நின்றது. அவ்வளவு மெல்லிய கட்டத்துக்குள் மூன்று மில்லிமீட்டர் மேடு எப்படி உட்காரும்? எழுபத்தைந்து மடங்கு!

ஸ்கூட்டியை எடுத்தேன்.

பின்கட்டில் கொத்தனார் பெரியகருப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கால்வாயின் கல்மூடியைத் தூக்கித் தரச் சொல்ல இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். தூக்கினார். நான் குப்புறப் படுத்தேன்.

"ஏத்தா, கம்ப்யூட்டர் புள்ள தரையில படுக்குது! உள்ள பூரான் கெடக்கும்த்தா."

"கெடக்கட்டும்ண்ணே."

தோள்வரை கையை விட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் ஓடும் இடம் என்று, கூடத்துச் சுவருக்குப் பூசிய அதே சுண்ணாம்பைப் பூசித் தேய்த்திருக்கிறார்கள். கண்ணாடி! டார்ச் அடித்தேன். ஒளி மறுமுனை வரை மினுங்கியது. படுத்தபடியே சிரித்துவிட்டேன்.

"பூரான் கிச்சுகிச்சு மூட்டுதோ?" என்றார் பெரியகருப்பன்.

மடிக்கணினியை அங்கேயே திறந்தேன். சொரசொரப்பு: பூஜ்யம். திரையில் அழுத்த இழப்புக் கோடு இறங்கத் தொடங்கியது. எழுபது. அறுபத்தொன்று. நகத்தைக் கடித்தேன். ஐம்பத்தேழு. ஐம்பத்துமூன்றில் நின்றது.

மணி இரண்டு ஐம்பது. சாரும் மெய்யநாதன் அண்ணனும் கூடத்துக்கு வந்தார்கள். பெரியகருப்பன் உடைக்கும் மெஷினைத் தூக்கினார். மடிக்கணினியோடு கூடத்துக்கு ஓடினேன்.

"வேணாம்ண்ணே!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சார், அம்பத்துமூணுதான் வருது. இந்த ஃபேனே போதும்."

சார் திரையைப் பார்த்தார். "மாடலை மாத்துனா பாதியாவா கொறையும்?"

ஆமாம் என்றால் போதும். யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

"எதை நம்பி நிப்பாட்டச் சொல்றீக?" என்றார் மெய்யநாதன் அண்ணன். "நேத்து ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்றீக."

கையைக் காட்டினேன். தோள் வரை தூசி.

"மாடல் இல்ல சார். அந்த மூணு மில்லிமீட்டர், புஸ்தகத்துல பழைய செங்கலுக்குப் போட்டிருந்தது. போன வாரம் நான் கால்வாய் மூடியத் தெறக்கவே இல்ல."