தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

2008 நவம்பரில், மிச்சிகனில் உள்ள எங்கள் கார் ஆலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், நம் வண்டிகளை ஏன் யாரும் வாங்குவதில்லை என்று கண்டுபிடிக்க. பதில் பிடித்தால் புதிய சின்னக் காரைத் தயாரிக்கும் வேலை எங்களுக்கு. பிடிக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டுக்கு மூடுவிழா.

எங்கள் சார்பில் பேச வெர்னிட்டாவைத் தேர்ந்தெடுத்திருந்தோம். இரண்டாம் ஷிப்டில் என்னோடு கதவு மாட்டுபவர். எங்கள் கம்பெனி பிக்கப் டிரக்கை வாங்கி, மூன்று முறை கியர்பாக்ஸ் மாற்றி, கடைசியில் ஜப்பான் கம்பெனியின் சின்னக் காருக்கு மாறியவர். நாம் எங்கே கோட்டை விட்டோம் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

வாசலில் காவலாளி ஸ்டான் அந்தக் காரை மறித்தார். வெளிநாட்டுக் கம்பெனி வண்டிகள் ஆலைக்கு எதிரே ஓடும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். சங்கமும் நிர்வாகமும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விதி அது.

"இன்னிக்கு ஒருநாள் விடுப்பா. பத்து மணிக்கு மீட்டிங்."

"உன் வண்டிய உள்ள பாத்தா நம்ம வண்டிங்க மனசு ஒடஞ்சிடும்மா."

"இது நம்ம நாட்டுல, ஒஹாயோல செஞ்சது. உன்னோடது மெக்சிகோல செஞ்சது."

"பேரு நம்ம பேருல்ல?"

வண்டியை அங்கே விட்டுவிட்டுத் திரும்பியவரைச் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே நின்று மறித்தது. இரண்டடுக்குப் பெட்டிகளில், விற்காத எங்கள் டிரக்குகள். அவற்றை நிறுத்தி வைக்கவும் இடம் தீர்ந்துபோய், வேறு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் போன் செய்தேன். "எங்கக்கா இருக்க?"

"நம்ம வண்டிய பாத்துக்கிட்டு நிக்கிறேன். நகர மாட்டேங்குது."

"கடையிலயும் அதேதான்க்கா."



கூட்டத்தில் ஆலை மேலாளர் பிரஸ்டன் பெட்ரோல் விலை, ஓய்வூதியச் செலவு, கடன் தராத வங்கிகள் என்று வரிசையாகச் சொன்னார். எதுவும் பொய்யில்லை. மழை பெய்தால் கதவு ஒழுகும் என்பது மட்டும் அந்த வரிசையில் இல்லை. நான் கை தூக்கினேன்.

"பேச வேண்டியது நீயா?" என்றார் பிரஸ்டன்.

"இல்ல சார்."

"அப்ப அவங்க வரட்டும்."

வெர்னிட்டா வந்தபோது பத்தே முக்கால். மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாலே பக்கம்தான் சார். போற வழியில படிங்க."

"ஆலோசனைப் படிவத்தோட குடுங்க, பரிசீலிக்கிறோம்" என்றார் மூவரில் ஒருவர்.

படிவத்தில் பெயர், பிரிவு, ஷிப்டு எல்லாம் நிரப்பி முடிப்பதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பிரஸ்டன் வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டாம் ஷிப்டு கிடையாது. முதல் காரணம்: தொழிலாளர்கள் நேரத்துக்கு வருவதில்லை.

வெர்னிட்டா நேராக பிரஸ்டனிடம் போனார். "என் நாலு பக்கம் என்னாச்சு?"

"ஃபைல்ல பத்திரமா இருக்கும்மா."

"எந்த ஃபைல்ல?"

"இரண்டாம் ஷிப்டு ஃபைல்ல. அத மூடிட்டோம்."